பிடியில் இருந்த ஓட்டை

அடுத்த வீட்டு அடுப்பு எரிந்தால் சிலருக்கு வயிறு எரியும். பட்டறை முதலாளி தணிகாசலம் அந்த ரகம். சென்றாயனும் அவன் பெண்டாட்டி மாதம்மாவும் புளியில் கொட்டை எடுக்க ஒரு இடுக்கி கண்டுபிடித்து, சந்தையில் கடை போட்டார்கள். அங்கே கூடிய கூட்டம் அவர் கண்ணை உறுத்தியது. கடை முகப்பில் மாதிரிக்குத் தொங்கிய இடுக்கியைக் கண்ணாலேயே அளந்து, அதேபோல் ஒன்று செய்துகொண்டு சந்தைத் தலைவரிடம் போனார்.

"இது என் யோசனை. இவங்க திருடிட்டாங்க. கடையைக் காலி பண்ணச் சொல்லுங்க."

தலைவர் கடைக்கு வந்து, அங்கே தொங்கிய இடுக்கியையும் தணிகாசலம் கொண்டுவந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அச்சு அசல் ஒன்றுபோலவே இருந்தன. "உங்களுதுதான்னு காட்டுங்க, இல்லேன்னா கிளம்புங்க" என்று சென்றாயனிடம் சொன்னார்.

மாதம்மா கேட்டாள்: "முதலாளி, பிடியில ஒரு ஓட்டை இருக்குதே, அது எதுக்குங்க?"

தணிகாசலம் செருமிக்கொண்டார். "கை வேர்க்காம காத்துப் போகத்தான். இதெல்லாம் உனக்கு எங்க புரியப்போவுது?"

"மொத இடுக்கி செஞ்ச அன்னிக்கு எனக்கும் இவருக்கும் சண்டைங்க. கோவத்துல தப்பான இடத்துல துளை போட்டுட்டார். அதான் அதை விக்காம தொங்கவிட்டோம். விக்கறதுக்கு மூட்டையில வெச்சிருக்கறதுல எதுலயும் ஓட்டை கிடையாது, பாருங்க."

தலைவர் மூட்டையைக் கவிழ்த்தார். ஒன்றில்கூட இல்லை.

மாதம்மா தணிகாசலத்தின் இடுக்கியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். "எங்க சண்டையையும் சேத்துல்ல செஞ்சிருக்கீங்க, முதலாளி."