தெருமுனை வரை போய் வந்த செருப்பு

முன்பு ஒரு வீட்டு வாசலில் ஒரு தாழ்ப்பாளும் ஓர் அழைப்புமணியும் ஒரு ஜோடி செருப்பும் இருந்தன. செருப்பு அந்த வீட்டுக்காரர் ஆவுடையப்பனுடையது.

அவர் மனைவி சண்முகவடிவு அதிர்ந்து பேசாதவள். மறதி நோய் வந்தபின் ஆளே மாறிப்போனாள். சாயங்காலமானால் கணவரே அவளுக்கு அந்நியர். "யாருய்யா நீ? என் வீட்டுக்காரர் வர்ற நேரம், எந்திரிச்சுப் போ" என்று விரட்டுவாள். கூடவே கெட்ட வார்த்தைகளும் வரும்.

முதலில் அவர் கல்யாணப் போட்டோவைக் காட்டி வாதாடிப் பார்த்தார். அவள் அதை விட்டெறிந்தாள். அதன்பின் வாதாடுவதில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பி, வேலையிலிருந்து வருகிறவர்போல மணியை அழுத்துவார்.

"வந்துட்டீங்களா? எவனோ வந்து உக்காந்திருந்தான். துரத்திவிட்டேன்" என்பாள்.

"நல்ல வேலை செஞ்சே" என்பார்.

செருப்புக்குப் பொறுக்கவில்லை. "துரத்துற வீட்டுக்கே தினமும் கூட்டிட்டு வர்றேன். இந்த மனுஷனுக்கு ரோஷமே கிடையாதா?"

மணி சொன்னது: "கோபத்தில் அழுத்துற விரலை எனக்குத் தெரியும். இவர் விரல் அப்படியில்லை."

தாழ்ப்பாளின் கவலை வேறு. "என்னைத் திறந்த பிறகும் அந்தம்மாவுக்கு இவரைத் தெரியலைன்னா, இவர் எங்கே போவார்?"

ஒரு மழைநாளில் அதுதான் நடந்தது. கதவைத் திறந்தவள், நனைந்து நின்றவரை உற்றுப் பார்த்தாள்.

"யாரு நீங்க?"

செருப்பு திரும்பிப் போகத் தயாரானது. ஆவுடையப்பனோ, "உங்க வீட்டுக்காரரைப் பார்க்க வந்தேன்" என்றார்.

அவள் முகம் இளகியது. "வர்ற நேரம்தான். மழையில நிக்காதீங்க, உள்ளே வாங்க." பழைய குரல். துவட்டிக்கொள்ளத் துண்டும் எடுத்துக் கொடுத்தாள்.

வந்தவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அவள் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்.

"நல்ல மனுஷர். எங்கே போனாலும் திரும்பி வந்துடுவார்" என்றாள்.

இருவரும் வாசலைப் பார்த்தபடி அவருக்காகக் காத்திருந்தார்கள்.

வெளியே, நீர் சொட்டக் கிடந்த செருப்பு தாழ்ப்பாளிடம் மெல்லக் கேட்டது:

"நாளைக்கு எப்பக் கிளம்பணும்?"