பெர்க்மான்ஸின் ஏழாம் நம்பர்

ஊசியில் நூல் கோத்தாயிற்று. இன்னும் மூன்று ஜாக்கெட்டுக்கு ஹூக் கட்ட வேண்டும். இன்றைக்கு எங்கள் கோயில் திருவிழா. சாயந்திரம் உடுத்திக்கொண்டு போக வேண்டியவர்கள் மத்தியானத்திலிருந்தே ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கை அதுபாட்டுக்கு வேலை செய்யும். வாய் சும்மாதானே இருக்கிறது, ஒரு குரு சீடன் கதை சொல்கிறேன்.

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தேழு. சீடனுக்கு நாற்பத்தொன்று.

குரு காட்டிலும் மலையிலும் இல்லை. எங்கள் வீட்டு முன்னறையில் ஆம்ப், மைக், கிட்டார் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறவர். என் வீட்டுக்காரர்தான். சீடன் இருதயராஜ் அண்ணன். பஸ் கண்டக்டர். கோயில் பாட்டுக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவர். கம்பி மாற்றுவதிலிருந்து ஒயர் பற்றவைப்பது வரை இவரிடம் கற்றுக்கொண்டவர். முதலில் கேலிக்குத்தான் "குருவே" என்று கூப்பிட்டார். அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒருநாள், டூட்டி முடிந்து டிக்கெட் பையோடு அண்ணன் வந்தார்.

"குருவே, பெர்க்மான்ஸ் கத்தாருக்குப் போறான். அவன் ப்ராசஸரை விக்கிறானாம்."

ப்ராசஸர் என்றால் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் தரையில் கிடக்கிற ஒரு தகரப் பெட்டி. காலால் மிதிக்க வேண்டும். ஒரு நம்பரை மிதித்தால் எதிரொலி வரும், இன்னொன்றை மிதித்தால் கிட்டார் உறுமும். நூறு நம்பர் இருக்குமாம். நமக்கு வேண்டிய மாதிரி சத்தத்தைத் திருகி, ஒரு நம்பரில் போட்டுவைத்துக்கொள்ளலாம்.

பெர்க்மான்ஸ் அந்தக் குழுவில் பத்து வருஷமாக முன்னால் நின்று வாசித்தவர். அவர் ஏழாம் நம்பரை மிதித்துவிட்டு வாசித்தால், வாசலில் கடலை விற்கிறவர் பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார். இருதயராஜ் அண்ணன் இத்தனை வருஷமும் அவருக்குப் பின்னால் நின்று துணைக்குக் கார்ட்ஸ் வாசித்தவர். இனிமேல் அவர்தான் முன்னால் நிற்க வேண்டும்.

"பழசு வாங்கலாமா, குருவே?"

"வாங்கலாம்."

"என்னத்தப் பாக்கணும்?"

இவர் பற்றவைக்கிற கம்பியைக் கீழே வைக்கவில்லை. "ஒவ்வொரு சுவிட்சையும் இருபது தடவை மிதிச்சுப் பாருங்க. எது தேஞ்சிருக்குன்னு தெரியும். குமிழைத் திருகுங்க. கரகரன்னா தூசிதான், பயப்பட வேண்டாம். அடாப்டரை மறக்காம கேட்டு வாங்குங்க. வேற அடாப்டர் மாட்டினா புகை வந்துரும்."

"அவ்வளவுதானா?"

"உங்க கிட்டாரைக் கொண்டுபோங்க."

"அவன்ட்டதான் கிட்டார் இருக்கே."

இவர் ஈயப் புகையை ஊதிவிட்டார். திரும்பச் சொல்லவில்லை. எதையும் இரண்டு தடவை சொல்கிற பழக்கம் இவருக்குக் கிடையாது. என்னிடமும் அப்படித்தான்.

அண்ணன் அன்றைக்கே போனார். டூட்டியிலிருந்து நேராக வந்தவருக்கு வீட்டுக்குப் போய் கிட்டாரை எடுக்கச் சோம்பல். பெர்க்மான்ஸ் தன் கிட்டாரை மாட்டி, ஏழாம் நம்பரை மிதித்து, ஒரு பாட்டு வாசித்துக் காட்டினாராம். அதற்கு மேல் அண்ணனுக்கு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. சுவிட்சை ஒரே ஒரு தடவை மிதித்தார். அதுவும் பெட்டியைத் தூக்கும்போது தவறிப்போய்.

மறுநாள் பெட்டியை மட்டும் கொண்டுவந்து இவர் மேசையில் வைத்தார். புது மாப்பிள்ளை மாதிரி சிரிப்பு.

இவர் திருப்புளியால் பிரித்தார். தூசி தட்டினார். போட்டுவைத்த சத்தம் அழியாமல் காக்கிற வட்ட பேட்டரியைப் பார்த்தார். ஏழாம் நம்பருக்கு மிதிக்கிற சுவிட்சின் மேல் பெயின்ட் போய் வெறும் தகரம் பளபளத்தது. எல்லாவற்றையும் மூடினார்.

"நல்ல பெட்டி, அண்ணே. ஏமாத்தல."

"பெர்க்மான்ஸ் ஏமாத்துவானா? அவன் போட்ட சத்தம் அத்தனையும் உள்ள அப்படியே இருக்கு. ஒண்ணைக்கூட அழிக்கல!"

"உங்க கிட்டார்ல வாசிச்சுப் பாத்தீங்களா?"

"இனிமேத்தான்."

இவர் அடுத்த மைக்கைக் கையில் எடுத்தார்.

(ஒரு ஜாக்கெட் முடிந்தது. ஆள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.)

போன வியாழக்கிழமை அண்ணன் வந்தார். அவருக்கு அன்றைக்கு ஓய்வு நாள். ஒரு தோளில் கிட்டார். கையில் பெட்டி. முகத்தில் சவரம் இல்லை. நான் இப்போது உட்கார்ந்திருக்கிற இதே இடத்தில் உட்கார்ந்து ஹூக் கட்டிக்கொண்டிருந்தேன். பாப்பா தொட்டிலில். எழுந்து உள்ளே போகலாம் என்றால் மடி நிறைய துணி.

"குருவே, இது ரெண்டையும் யாருக்காவது குடுத்துருங்க."

"கிட்டாருமா?"

"கிட்டாரும்தான்."

"டீ குடிங்க முதல்ல."

நான் துணியை ஒதுக்கிவிட்டு எழுந்து டீ கொண்டுவந்து வைத்தேன். அவர் தொடவில்லை.

"ஒன்றரை மாசமா வாசிக்கேன். விரல் நுனியப் பாருங்க, தோல் உரிஞ்சிருக்கு. அதே பொட்டி, அதே ஏழாம் நம்பர், அதே பாட்டு. காது கூசுது. நேத்து ஒத்திகையில ஜோக்கிம் மாஸ்டர் எல்லார் முன்னாலயும் கேக்காரு, 'என்ன இருதயம், பஸ்ஸ எடுக்கச் சொல்லி விசில் குடுக்கியா?'ன்னு. தபேலாக்காரன் விழுந்து விழுந்து சிரிக்கான். ஞாயித்துக்கிழமை திருவிழாவுல ஒரு தடவை பாப்பாராம். சரிப்பட்டு வரலன்னா வெளியூர் ஆள் கூட்டியாருவாராம்."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"அவ என்ன சொல்லுவா? நாப்பத்தோரு வயசுல உமக்கு எதுக்கு இதுங்கா. நீங்களே சொல்லுங்க. பொட்டி நல்ல பொட்டின்னு நீங்கதான் பாத்துச் சொன்னீங்க. அந்தச் சத்தமும் நல்ல சத்தம், ஊரே கேட்டிருக்கு. அப்ப குறை எங்க இருக்கு? என் கையிலதான?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். கையை மட்டும் விரித்து முன்னால் நீட்டிக்கொண்டே இருந்தார்.

இவர் அந்தக் கையைப் பார்க்கவில்லை. "ஏழாம் நம்பர் வாசிங்க" என்றார்.

அண்ணன் ஒயரெல்லாம் மாட்டி, மிதித்து, வாசித்தார். தகரத்தில் ஆணியால் கீறின மாதிரி இருந்தது. தொட்டிலில் பாப்பா வீல் என்று அலறியது. நான் துணியைப் போட்டுவிட்டு ஓடித் தூக்கினேன்.

"பாத்தீங்களா, பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியுது" என்றார் அண்ணன்.

இவர் குனிந்து, பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். கிட்டாரை நேராக ஆம்பில் மாட்டினார்.

"இப்ப வாசிங்க."

"பொட்டி இல்லாமலா?"

"ம்."

அதே பாட்டு. எதிரொலி இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் கம்பிச் சத்தம். இவர் தலையைச் சாய்த்துக் கடைசி வரை கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அமலி, அது யாரு ஜாக்கெட்டு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளி ஆள் இருக்கும்போது இவர் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்.

"லூர்து டீச்சரோடது" என்றேன்.

"தையல் எப்படி?"

"நல்ல தையல்தான். டவுன்ல தச்சது. ஹூக் மட்டும் என்கிட்ட வந்திருக்கு."

"துணி?"

"துணியும் நல்ல துணி."

"நீ போடுவியா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. லூர்து டீச்சரை ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆட்டோவில் அவங்க ஏறினால் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார முடியாது.

"எனக்கு எப்படி ஆகும்? அவங்க அளவுல்லா."

"அப்ப இதைத் தூரப் போட்டுரலாமா?"

"ஐயோ, எதுக்கு?" என்னை அறியாமல் வந்துவிட்டது. "ரெண்டு பக்கமும் தையலப் பிரிச்சு உள்ள பிடிச்சா எனக்கும் ஆகும். நல்ல துணியப் போய் யாராவது தூரப் போடுவாங்களா?"

அவ்வளவு நீளமாகப் பேசிவிட்டேனே என்று பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"குருவே, பெர்க்மான்ஸ் கிட்டாரு எப்படி?"

"பழசு. நான் ரெண்டு தடவை பிரிச்சிருக்கேன். சத்தம் மந்தம். போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும்."

"அதனால பொட்டியில..."

"கூர்மையை முழுசா ஏத்தி வச்சிருக்காரு. அவரு கிட்டாருக்கு அது சரி."

"என் கிட்டாரு?"

"பிறவியிலேயே கத்தி."

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். தலையில் கைவைத்துக்கொண்டு, "கிட்டாரைக் கொண்டுபோகச் சொன்னீங்களே, குருவே. சொன்னீங்களே" என்றார். அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போகிற சிரிப்பு.

இவர் மறுபடி பெட்டியை மாட்டி, அவர் பக்கம் தள்ளினார்.

"திருகுங்க."

"நானா?"

"உங்க காதுதான."

அண்ணன் முதல் குமிழைத் தொட்டார். கால்வாசி குறைத்தார், ஒரு கம்பியைத் தட்டினார். இன்னும் குறைத்தார். எதிரொலியை ஏற்றினார், பிறகு அது பிடிக்காமல் பாதியாக இறக்கினார். இவர் அந்தப் பக்கமே பார்க்காமல் ஒரு மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாப்பா தோளிலேயே தூங்கிப்போயிற்று. தொட்டிலில் போட்டேன். நான் ஒரு ஜாக்கெட் முழுவதும் ஹூக் கட்டி முடித்துவிட்டேன், அண்ணன் இன்னும் திருகிக்கொண்டேதான் இருந்தார்.

கடைசியில் கையை எடுத்தார்.

"இது போதும்னு தோணுது."

"அப்ப அமுக்குங்க. ஏழுலயே போட்டுக்கோங்க."

அண்ணன் விரல் பட்டனுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. "ஏழுலயா? பெர்க்மான்ஸ் சத்தம் அழிஞ்சிருமே, குருவே. எட்டுல போடவா? அம்பதுல போடவா?"

"உங்க கால் எதுல போகும்?"

அண்ணன் தேய்ந்துபோன அந்தச் சுவிட்சைப் பார்த்தார். ஒத்திகையில் ஒன்றரை மாதமாக அவர் மிதித்ததும் அதைத்தான்.

விரல் அசையவில்லை.

"அண்ணே," என்றார் இவர், "எல்லாரும் ஏறியாச்சு. ரைட் குடுங்க."

அண்ணன் ஒரு நிமிஷம் இவரையே பார்த்தார். பிறகு படிக்கட்டில் நின்று சொல்கிற அதே குரலில், "ரைட், போலாம்!" என்று சத்தம் போட்டுவிட்டு அமுக்கினார். பெட்டியில் சின்ன விளக்கு இரண்டு தடவை கண் சிமிட்டி நின்றது.

வாசித்தார்.

எனக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பெர்க்மான்ஸ் வாசித்த மாதிரி இல்லை. அது கொஞ்சம் அழுகிற மாதிரி இருக்கும். இது, வேலை முடிந்து வீட்டுக்கு வந்த ஆள் வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

வாசித்து முடித்தும் அண்ணன் கம்பியை விடவில்லை.

"நல்லாத்தான் இருக்கு, இல்லையா?"

இவர் தலையாட்டினார்.

"ஆனா ஒண்ணு, குருவே. ஞாயித்துக்கிழமை சனம் பூராவும் அந்தப் பழைய சத்தத்துக்குத்தான் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கும். 'என்னப்பா, பெர்க்மான்ஸ் மாதிரி இல்லையே'ன்னு யாராவது கேட்டா நான் என்ன சொல்ல?"

இவர் மைக்கின் மூடியைத் திருகி முடித்தார். ஊதிப் பார்த்தார். மேசையில் வைத்தார்.

"பெர்க்மான்ஸ் அண்ணன் கத்தார்ல இருக்காருன்னு சொல்லுங்க."

ஆறிப்போய் ஆடை கட்டியிருந்த டீயை இருதயராஜ் அண்ணன் எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். பழக்கத்தில் தொட்டிலை ஆட்டுவதற்குக் கை நீட்டினேன், அப்போதுதான் கவனித்தேன், அவ்வளவு நேரம் வாசித்தும் பாப்பா முழிக்கவே இல்லை. அதை இவரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தால், இவர்

"ஏட்டி அமலி! மேடையில ஏறிட்டாங்கட்டி! இருதயராஜ்தான் முன்னால நிக்கான், புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடியா!"

அத்தை வாசலிலிருந்து கூப்பிடுகிறார்கள். வாறேன் அத்தை, இந்தக் கடைசி ஹூக்கை மட்டும்