வேகமாகப் பெருகிய குடுவை

“மேடம், ஜெபராணியோட குடுவையை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?”

இளவழகன் கேட்டான். பேராசிரியர் தாட்சாயணி மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அவ செல் நல்லா இருந்துச்சு.”

முதல் வரிசைக்கான அடிதடி மேடைகளில் மட்டும் நடப்பதில்லை.

“ரெண்டு குடுவையிலும் இருக்கறது என் கையிலேருந்து எடுத்த ரத்தம். ரெண்டுலயும் போட்டது, ரத்தத்துல இருக்கிற நோய் எதிர்ப்பு செல்லைச் சாகவிடாம பெருக வைக்கிற அதே வைரஸ். ஒரே நாள்ல ஆரம்பிச்சோம். என் குடுவை பொங்குது. அவளோடது தூங்குது. ஆனா எல்லா ஆய்வகத்துக்கும் அவ பேர்லதான் செல் போகப் போகுது!”

“வயிறு எரியுதா?”

“நியாயம் கேக்கறேன்.”

“வயிறு எரியறவங்க எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க.”

பக்கத்து மேசையில் ஜெபராணி சொன்னாள்: “அண்ணே, என் குடுவையை அப்படிப் பாக்காதீங்க. கண்ணு பட்டுடும்.”

தாட்சாயணி இப்போதுதான் நிமிர்ந்து இளவழகனைப் பார்த்தார்.

“எப்படி வளத்தே?”

“வேகமாப் பெருகினதை மட்டும் அடுத்த குடுவைக்கு மாத்தினேன். மந்தமானதைக் கொட்டிட்டேன்.”

“நீ, ஜெபா?”

“கொஞ்ச நாள் வளத்துட்டு, கொட்டிடுவேன் மேடம். முதல் நாளே கொஞ்சம் செல்லை உறைய வெச்சிருக்கேன், அதுலேருந்து மறுபடி எடுப்பேன்.”

“பாத்தீங்களா? ஆரம்பிச்ச இடத்துலயே நிக்கறா!”

தாட்சாயணி இரண்டு ஸ்லைடுகளை அவன் முன் வைத்தார்.

“குரோமோசோமை எண்ணு.”

முதலில் ஜெபராணியுடையது. எந்த செல்லைப் பார்த்தாலும் நாற்பத்தாறு. மனிதருக்கு இருக்க வேண்டியது.

பிறகு தன்னுடையது.

நாற்பத்தேழு. அடுத்த செல்லிலும் நாற்பத்தேழு. இன்னொரு செல்லில், ஒரு குரோமோசோமின் துண்டு வேறொன்றின் நுனியில் ஒட்டியிருந்தது.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினான்.

“ஸ்லைடு மாறிப்போச்சா மேடம்?”

“பேரைப் பாரு.”

அவன் பெயர்தான்.

“முதல்ல உறைய வெச்சது உன்கிட்ட இருக்கா?”

“இல்ல மேடம். அதையும் எடுத்து வளத்துட்டேன்.”

“எதுக்கு?”

அவன் பக்கத்து மேசையைப் பார்த்தான்.

ஸ்லைடைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்:

“இது என்னோட செல்லே இல்லையே மேடம். அப்போ என்னோடது எங்க?”

தாட்சாயணி எழுந்து போய், ஜெபராணியின் குடுவையை எடுத்து வந்து அவன் கையில் வைத்தார்.

“நீ இங்க இருக்கே.”