பிள்ளைக்கு லாயக்கான வீடு

ஊமத்தம்பட்டிக்கு வழி தெரியாதவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் போகலாம். ஊமத்தம்பட்டிக்காரர்களிடம் மட்டும் கேட்கக் கூடாது. நல்ல மனிதர்கள்தான். கேட்டதற்கு மேலேயே சொல்வார்கள், கூடவே நடந்தும் வருவார்கள், கடைசியில் எல்லாரும் சேர்ந்து தொலைந்துபோவீர்கள்.

அந்த ஊரில் பெத்தணன், சுருளி, குருந்தன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள். போனார்கள், பார்த்தார்கள், வந்தார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லாததால் அவர்களும் எதுவும் செய்யவில்லை. கடைக்குட்டி குருந்தனுக்கு மட்டும் பக்கத்து ஊர் அன்னமயில் வாழ்க்கைப்பட்டாள். அவள் கெட்டிக்காரி. போயும் போயும் இவனையா கட்டிக்கொண்டாய் என்று கேட்டால், "அவரு பொய் சொல்லத் தெரியாத மனுசன்" என்பாள். உண்மைதான். பொய் சொல்வதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டுமே.

அன்னமயில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்ப் பெண் குழந்தை பெற்றாள். பேர் வைக்கிற அன்று மூன்று பேரும் போயிருந்தார்கள். "இந்தத் தொட்டிலைக் கொஞ்சம் ஆட்டுங்க" என்று பெத்தணனிடம் சொல்லிவிட்டு குருந்தனின் மாமியார்க்காரி வெள்ளையம்மா அந்தப் பக்கம் போனாள். சற்று நேரத்தில் பிள்ளையைக் குளிப்பாட்ட எடுத்துப் போனார்கள். விருந்து முடிந்தது, பந்தலைப் பிரித்தார்கள், வாடகைப் பாத்திரக்காரர் வந்து அண்டாவை ஏற்றிக்கொண்டு போனார். பெத்தணன் வெறும் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

வெள்ளையம்மா அதைப் பார்த்தாள். மனசில் வைத்துக்கொண்டாள். பிள்ளை தவழத் தொடங்கி, பெண்டாட்டியையும் மகளையும் அழைத்துப்போகலாம் என்று குருந்தன் வந்து நின்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

"மாப்பிள்ளை, கோவிச்சுக்கிறாதீங்க. ஒங்க ஊரு நர்சம்மா வந்து வீட்டைச் சுத்திப் பாக்கட்டும். இது புள்ளைக்கு லாயக்கான வீடுன்னு அவுங்க வாயால சொல்லட்டும். மறுநிமிசம் அனுப்பி வைக்கிறேன்."

குருந்தன் வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்துவிட்டான். மகளை ஒரே ஒரு தடவைதான் அவன் மடியில் வைத்திருந்தான். அப்போதும் மாமியார் பிள்ளைக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டே நின்றாள். மகளை நினைக்க நினைக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவனுடைய பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு அண்ணன்மார் இருவரும் நர்சம்மாவைக் கூப்பிடப் போனார்கள்.

நர்சம்மா பேர் புஷ்பலீலா. குழந்தைப் பாதுகாப்பு பற்றிய பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த பாதி வகுப்பில் தூங்கிவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. விழித்திருந்த பாதியை, இவர்கள் வீட்டு வாசல்வரை வந்து நின்றபடியே மூன்று பேரிடமும் ஒப்பித்தார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. பெரியவங்க கண்ணுக்கு ஆபத்து தெரியாது. நீங்களே கொழந்தை மாதிரி வீடு பூராம் தவழ்ந்து பாக்கணும். எதைத் தொடணும்னு ஆசை வந்து கை நீளுதோ, அதைத் தூக்கி வெளிய வச்சிரணும். ரெண்டாவது, வாய்க்குள்ள போற சாமான் எதுவும் தரையில கெடக்கக் கூடாது. மூணாவது, புள்ள மேல வச்ச கண்ணை எடுக்கவே கூடாது. அடுத்த வாரம் வந்து பாக்குறேன்."

நாக்கிலும் மூளையிலும் வைத்துப் பார்க்காமல் அப்படியே விழுங்கிக்கொண்டு மூவரும் உள்ளே வந்தார்கள். வந்ததும் பெத்தணனுக்கு ஒரு சந்தேகம்.

"தம்பி, கொழந்தை வேட்டி கட்டுமா?"

"கட்டாதுண்ணே" என்றான் குருந்தன்.

மூவரும் அவரவர் வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, கதவைச் சாத்துடா" என்றார் பெத்தணன்.

கோவணத்தோடு மூன்று பேரும் தவழ்ந்தார்கள். முதலில் பெத்தணனின் கை வெல்லப்பானைப் பக்கம் நீண்டது. "ஐயோ, எம்புட்டு ஆபத்து" என்று மூவரும் பதறிப்போய் அதைத் தூக்கி எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்கள். அடுத்தது சுருளியின் கை ரேடியோவுக்குப் போனது. அதுவும் எதிர்வீட்டுக்குப் போயிற்று. தலையணை, முறுக்கு டப்பா, மெத்தென்ற ஜமுக்காளம், வெயிலுக்கு இதமாக ஜில்லென்றிருந்த தண்ணீர்ப் பானை என்று ஆசை வந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறியது. எதிர்வீட்டுக்காரர் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் ஊமத்தம்பட்டியில் பிறந்தவர் அல்ல.

குருந்தன் மட்டும் சுவரோரமாகத் தவழ்ந்துபோய்க் கல்யாணப் போட்டோவுக்குக் கீழே நின்றுவிட்டான். கை தானாக மேலே போனது.

"எதுக்குடா அழுகுற?" என்று கேட்டார் பெத்தணன்.

"அன்னத்தைத் தொடணும் போல இருக்குண்ணே."

"அப்ப அதுதான்டா இருக்கிறதுலயே பெரிய ஆபத்து" என்று சொல்லிப் போட்டோவையும் கழற்றி அனுப்பினார்.

வீட்டில் மிஞ்சியது அரிவாள்மணை, கடப்பாரை, மண்ணெண்ணெய்க் கேன், தட்டு நிறையக் காயவைத்த மிளகாய். அரிவாள்மணையைச் சுற்றி உட்கார்ந்து நெடுநேரம் ஆலோசனை நடந்தது.

"இதைத் தொடணும்னு ஒனக்கு ஆசையா இருக்கா?" என்று பெத்தணன் கேட்டார்.

"பாத்தாலே பயமா இருக்கு" என்றான் சுருளி.

"ஒனக்குடா குருந்தா?"

"கிட்டப் போகவே தோணலண்ணே."

"அப்ப இருந்துட்டுப் போகட்டும். ஆபத்தில்லாதது" என்று தீர்ப்புச் சொன்னார் பெத்தணன். இப்போது வீட்டில் நிறைய இடம் இருந்ததால் அதை நட்டநடுவில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார்கள்.

அடுத்தது வாய்ச் சோதனை. சுருளிக்குத்தான் வாய் பெரிது, ஆகவே பொறுப்பு அவனுக்கு. சட்டைப் பித்தான் போனது, பாக்கு போனது, புளியங்கொட்டை போனது. ஒவ்வொன்றையும் துப்பிப் பொறுக்கி வெளியே போட்டார்கள். மாட்டுக் கழுத்திலிருந்து கழற்றி வைத்திருந்த வெண்கல மணி ஒன்று மூலையில் கிடந்தது. அது போகாது என்றார் பெத்தணன். போகும் என்றான் சுருளி. போயே விட்டது. ஆனால் வாய்க்குள்ளேயே மாட்டிக்கொண்டு திரும்பி வரவில்லை.

"வெளிய வராட்டிப் பரவாயில்லடா. தரையில இல்லைல்ல? அதான முக்கியம்" என்று பெத்தணன் அவனைத் தேற்றினார்.

"கிணிங்" என்றான் சுருளி.

"என்னண்ணே சொல்லுறாரு?" என்று கேட்டான் குருந்தன்.

"சரிங்கிறான்."

அன்று முதல் சுருளி தலையாட்டினாலே மணியடித்தது. கோயிலில் பூசை ஆகிவிட்டது என்று நினைத்துத் தெருவில் இரண்டொருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கஞ்சியை மட்டும் கடைவாய் வழியாக ஊற்றிக்கொண்டு அவன் நாளைத் தள்ளினான்.

மூன்றாவது விஷயம்தான் சிக்கலானது. பிள்ளை மேல் வைத்த கண்ணை எடுக்கக் கூடாது, சரி. பழகிப் பார்க்கப் பிள்ளை வேண்டுமே.

"நான் இருக்கேன்டா" என்றார் பெத்தணன். அவருக்கு அப்போது நரைத்த மீசை. ஆனாலும் தவழ்வதில் வீட்டிலேயே அவருக்குத்தான் நல்ல பழக்கம் வந்திருந்தது.

பெத்தணன் தவழ்ந்தார். குருந்தன் கண்ணை எடுக்காமல் பார்த்தான். அவர் கொல்லைக்குப் போனால் பின்னாலேயே போனான். அவர் தூங்கினால் இவன் தூங்காமல் பார்த்தான். கண் எரிந்தபோதும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தான். மகள் வருவாள் என்ற ஒரே நினைப்பில் அந்த மீசையையே பார்த்துக்கொண்டிருந்தான், பாவம்.

சொன்னபடி நர்சம்மா வந்தார். நல்ல சேதி என்றால் கையோடு விட்டுவிட்டு வரலாம் என்று வெள்ளையம்மாவும் அன்னமயிலையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு கூடவே வந்திருந்தாள். கதவைத் திறந்தார்கள்.

நடுவீட்டில் அரிவாள்மணை. அதைச் சுற்றிக் கோவணத்தோடு பெத்தணன் தவழ்ந்துகொண்டிருந்தார். குருந்தன் கண்ணெல்லாம் சிவந்து அவரையே முறைத்துக்கொண்டு நின்றான்.

"கிணிங் கிணிங்" என்று சுருளி வரவேற்றான்.

பாப்பா கைகொட்டிச் சிரித்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

"என்னங்க, வந்திருக்கோம்" என்றாள் அன்னமயில்.

குருந்தன் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று அவன் உடம்பு முழுக்கத் துடித்தது. மகள் சிரிக்கிற சத்தம் காதில் விழுகிறது, ஆனாலும் திரும்பவில்லை.

"அன்னம், கோவிச்சுக்காத. புள்ள மேல இருந்து கண்ணை எடுக்கக் கூடாதாம். பாப்பா எப்படி இருக்கா? பல்லு வந்துருச்சா? நீ பாத்துச் சொல்லு."

அன்னமயிலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ரெண்டு பல்லு வந்திருக்குங்க" என்றாள்.

வெள்ளையம்மா நேரே போய்ச் சுருளியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். மணி தெறித்து வெளியே வந்து விழுந்தது. "தரையில விழுந்துருச்சு" என்று பதறி, சுருளி அதை எடுத்து மறுபடி வாயில் போடப் போனான். அன்னமயில்தான் பிடுங்கி வைத்தாள்.

நர்சம்மா அரிவாள்மணையைக் காட்டினார். "இதை ஏன் எடுக்கல?"

"அதைத் தொட யாருக்கும் ஆசை வரல நர்சம்மா" என்று தரையிலிருந்தே பதில் சொன்னார் பெத்தணன். "ஒங்களுக்கு வருதா?"

நர்சம்மா அரிவாள்மணையைப் பார்த்தார். உள்ளதைச் சொன்னால், அவருக்கும் வரவில்லை.

"தலையணை எங்க?" என்று வெள்ளையம்மா கேட்டாள்.

"அதை ஏன் கேக்குறீங்க, பாத்தாலே கட்டிப் பிடிக்கணும் போல இருந்துச்சு. நல்லவேளை, அப்புறப்படுத்திட்டோம்" என்றான் சுருளி.

வெள்ளையம்மா நர்சம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "ஏம்மா, இதெல்லாம் நீ சொல்லிக் குடுத்ததா?"

நர்சம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. விழித்திருந்த பாதி வகுப்பு இந்த இடத்தில் உதவவில்லை. எரிச்சலோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இந்த வீட்டுல புள்ளைக்கு எட்டாத உசரத்துல வைக்க வேண்டியது அருவாமனை இல்லம்மா. இந்த மூணு பேரையுந்தான்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

வெள்ளையம்மா பெருமூச்சு விட்டாள். "கெளம்பு அன்னம், போவோம்" என்று வாசலுக்குத் திரும்பினாள்.

"அத்தே, இருங்க, ஒரே நிமிசம்" என்று கெஞ்சினான் குருந்தன்.

வெளியே ஓடி ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்தான். முதலில் பெத்தணன் ஏறினார், பிறகு சுருளி, கடைசியாகக் குருந்தன். மூவரும் ஓட்டுக்கூரை மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள்.

"இப்ப எட்டுமா பாருங்கத்தே" என்று மேலிருந்து கேட்டான்.

வெள்ளையம்மா அண்ணாந்து பார்த்தாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாள். அதற்குள் அன்னமயில் அரிவாள்மணையையும் மற்றதையும் பரணில் ஏற்றிவிட்டு, தரையைத் துடைத்துப் பிள்ளையை இறக்கிவிட்டிருந்தாள். மூன்று பேரும் இல்லாமல் வீடு அமைதியாக, காற்றோட்டமாக இருந்தது. பாப்பா அது பாட்டுக்கு விளையாடியது.

"இப்பச் சொல்றேன் மாப்பிள்ளை" என்றாள் வெள்ளையம்மா. "வீடு லாயக்குத்தான்." மகளையும் பேத்தியையும் விட்டுவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போனாள்.

குருந்தனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெண்டாட்டியும் பிள்ளையும் வீடு வந்து சேர்ந்தாயிற்று. ஓட்டு இடுக்கு வழியாக மகளைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனான். எதிர்வீட்டிலிருந்து சாமான்களை அன்னமயில் சண்டை போட்டுத் திரும்ப வாங்கினாள். இவர்களைத்தான் இறக்க முடியவில்லை. "போதும், எறங்கி வாங்க" என்று தினமும் கூப்பிட்டாள். நர்சம்மா சொல்லாமல் எப்படி இறங்குவது என்றார்கள். நர்சம்மாவுக்கோ வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. சோறு கூடையில் கட்டி மேலே போனது.

அப்பாவிடம் காட்டுவதற்காக ஒருநாள் அன்னமயில் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். மூவரும் திடுக்கிட்டு ஓட்டின் முகட்டுக்கு நகர்ந்தார்கள். பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற அன்று அவசரக் கூட்டம் நடந்தது. பிள்ளை உயரமாகிவிட்டது, இனிக் கூரை போதாது என்று முடிவாகி, மூவரும் கொல்லைத் தென்னைமரத்துக்குக் குடிபோனார்கள்.

மட்டைக்கு ஒருவராக உட்கார்ந்துகொண்டு எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார்கள்.

"அண்ணே, அவ வளந்துக்கிட்டே இருப்பாளே. நாம எப்பத்தான் எறங்குறது?" என்று தழுதழுத்தான் குருந்தன். "ஒரு தடவை தூக்கணும் போல இருக்கு."

பெத்தணன் மீசையைத் தடவி யோசித்தார். "அவளுக்குக் கல்யாணமாகிப் புருசன் வீட்டுக்குப் போயிட்டா எறங்கிரலாம்டா."

குருந்தன் முகம் மலர்ந்தது. உடனே கீழே குனிந்து, "அன்னம், பாப்பாவுக்கு இப்பவே மாப்பிள்ளை பாக்கச் சொல்லு" என்று கத்தினான்.

பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அன்னமயில் அண்ணாந்து பார்த்தாள்.

அவசரப்படாதே என்று தம்பியின் தோளைத் தொட்டான் சுருளி. அந்த மூவரில் கொஞ்சம் தூரத்துக்கு யோசிக்கக்கூடியவன் அவன்தான்.

"நல்லாக் கேட்டுக்க அன்னம்" என்று அவன் மேலிருந்து சொன்னான். "மாப்பிள்ளை குட்டையான பயலாப் பாக்கணும். நெட்டையன் எவனாவது வந்து இவளைத் தோள்ல தூக்கி வச்சான்னா, அதுக்கு மேல போக எங்களுக்கு மரம் இல்ல."