பனிச்சரிவில் யார் விலத்துவது

“என்னால ஏலாது பிள்ளை. என்ர கால் என்ர சொல்லுக் கேக்குதில்லை” என்றாள் தவமலர்.

சிஷ்யைக்கு ஐம்பத்தெட்டு வயது. குருவுக்கு இருபத்திமூன்று. சிரிக்கிறவர்கள் இப்பவே சிரித்து முடியுங்கோ, எனக்குச் சொல்ல வேலை இருக்கு.

இடம், சுவிஸில் ஒரு மலை. அதன் அடிவாரத்து ஹொட்டேலில் தவமலர் முப்பது வருடமாய் அறை துப்பரவாக்குகிறாள். பனியில் சறுக்க வந்தவர்களின் ஈரக் காலுறைகளைப் பொறுக்கிக் காயப்போட்டிருக்கிறாள். மலையை ஜன்னல் துடைக்கும்போது மட்டும் பார்த்திருக்கிறாள். இந்த மாசி மாதம் நாலு நாள் லீவு எடுத்து, தானே சறுக்கப் போவதாக வீட்டில் சொன்னாள்.

அவளின் மனிசன் சோத்துக் கையோடு சிரித்தார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமோ என்று கேட்டார். கேபிள் காரில் ஏறி நாலு படம் எடுத்துக்கொண்டு வாங்கோ என்றான் மகன்.

“வளையாட்டி முறியட்டும். உச்சியில இருந்து சறுக்கித்தான் கீழ வருவன்.”

அப்படிச் சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

இது நாலாம் நாள். கேபிள் காரிலேயே கீழே இறங்கினால், இனி அந்த வீட்டில் ஆசை என்று ஒன்றை வாய் திறந்து சொல்ல முடியாது. அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

குருவின் பெயர் ஆரணி. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, சறுக்கப் பழக்குவது தொழில். முதல் மூன்று நாளும் கீழே நாலு வயதுக் குஞ்சுகுருமன்களோடு சிஷ்யையை நிற்கவைத்துப் பழக்கினாள். சப்பாத்துக்குள் ஒரு சோடிக் காலுறைக்கு மேல் போடாதேங்கோ. விழுந்தால் பக்கவாட்டில் விழுங்கோ. வேகம் கூடினால் காலில் பூட்டின பலகைகளின் நுனி இரண்டையும் கிட்டக் கொண்டுவந்து, குதியை அகட்டி, பீட்சாத் துண்டு மாதிரிப் பிடியுங்கோ.

எல்லாம் தவமலர் சொன்னபடி செய்தாள். பின்னால் யாராவது சறுக்கி வந்தால் விழுந்தாள், நாளுக்கு இருபது தரம்.

பலகை சரியில்லை என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஆரணி பலகையை மாற்றிக் கொடுத்தாள். அப்பவும் விழுந்தாள்.

இப்போது உச்சியில் நிற்கிறார்கள்.

“முன்னால போங்கோ அன்ரி” என்றாள் ஆரணி.

தவமலர் போனாள். நல்லாய்த்தான் போனாள். பின்னால் ஆரணியின் பலகை பனியைச் சீவுகிற சத்தம் கேட்டது. உடனே ஓரத்துக்கு ஒதுங்கி உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தாள். விழுந்தாள்.

“இன்னொருக்கா.”

மறுபடி சத்தம். மறுபடி விழுந்தாள்.

“இன்னொருக்கா.”

ஐந்தாம் தரம் வாய்க்குள் பனி போனது.

ஏன் ஒதுங்கினாள் என்று நான் சொல்கிறேன். ஹொட்டேல் நடைவழியில் தங்குகிறவர்களின் காலடி கேட்டால், துவாய் வண்டியை ஓரங்கட்டி, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கவேணும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பழக்கியது அது. முப்பது வருடம் நின்றாள். இங்கே முதுகுக்குப் பின்னால் சுவர் இல்லை.

ஆறாம் தரம் விழுந்தவளுக்கு விசர் வந்தது.

“நான்தானே முன்னால போறன்? உமக்குக் கண் தெரியாதோ? நீர் விலத்திப் போனால் என்ன?”

ஆரணி வந்து பனியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

“இதை எப்ப கேப்பீங்கள் எண்டுதான் மூண்டு நாளாப் பாத்துக்கொண்டு இருந்தன் அன்ரி. மேல இருந்து வாறவைதான் விலத்தவேணும். முன்னால போறவைக்குப் பின்னால என்ன வேலை? மலையில அதுதான் சட்டம்.”

“எல்லாருக்குமோ?”

“எல்லாருக்கும்.”

“ஹொட்டேலில தங்கிறவைக்குமோ?”

“அவைக்கும்தான்.”

தவமலர் எழும்பினாள். உடுப்பில் இருந்த பனியைத் தட்டக்கூட இல்லை.

பாதிச் சரிவில், நடுவால், பெரிய வளைவாய்ப் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு ஆம்பிளைக் குரல், ஓரமாய்ப் போ என்று ஜெர்மன் மொழியில் கத்தியது. கால் ஓரத்துக்கு இழுத்தது. அவள் முழங்காலை முன்னுக்கு மடித்து, பள்ளத்தைப் பார்த்தபடி தன் வளைவிலேயே போனாள். கத்தினவன் கடைசி நேரத்தில் வெட்டித் திருப்பி, ஓரத்துப் பனிக்குவியலுக்குள் போய் விழுந்தான்.

அடிவாரத்தில் அவள் பலகையிலேயே வந்து நின்றாள், விழாமல்.

கொஞ்ச நேரத்தில் அவனும் வந்தான். தாடியெல்லாம் பனி. நான் கத்தினது உனக்குக் கேட்கவில்லையா என்று பாய்ந்தான்.

ஜெர்மன் பேச வாய் திறந்தால், முப்பது வருடமாய் அவள் வாயில் முதலில் வருவது, மன்னிக்கவேணும் என்ற சொல்தான். அன்றைக்கு அது வரவில்லை.

“கேட்டது” என்றாள். “நான் முன்னால போய்க்கொண்டிருந்தனான்.”