பல்லக்குத் தூக்கிகளின் தேகப்பயிற்சி

கோட்டாங்குளத்துக்காரர்களின் புத்தியைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொல்வதையெல்லாம் நம்பிவிடாதீர்கள். நேரில் போய்ப் பார்த்தால் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

அந்த ஊர் அம்மன் பல்லக்கில் முன்தண்டு பிடிப்பவர் ஆவுடையப்பன். மீசை கறுத்திருந்த நாளில் பிடித்த தண்டு, மீசை வெளுத்தும் விடவில்லை. கூட்டாளிகள் கொம்பையா, சுடலைமுத்து, பூதலிங்கம். எல்லாருக்கும் எழுபதை ஒட்டிய வயசு.

இந்த வருஷம் கோயில் தலைவர் சண்முகவேலு தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அண்ணாச்சி, போன கொடைத் திருவிழாவுக்கு அம்மனை வழி நெடுக இறக்கி இறக்கி வச்சீங்க. இந்தத் தடவை முதல்ல வெறும் பல்லக்கைக் கோயில்லேர்ந்து தெப்பக்குளம் வரைக்கும் தூக்கிக் காட்டுங்க. முடியலைன்னா இளவட்டங்க தூக்கட்டும்."

ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கொடையன்று வெறும் தோளோடு ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதா? அதற்கு ஊரைவிட்டே போய்விடலாம்! கூட்டாளிகளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "தினமும் நடங்க. கீரை, காய்கறி நிறையச் சாப்பிடுங்க. நல்லாத் தூங்குங்க. கை காலை நீட்டி மடக்குங்க. இந்த வயசுலயும் உடம்பு கல்லு மாதிரி ஆயிடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. மூச்சு வாங்கினா வீம்பு பண்ணாம உடனே உட்கார்ந்துடணும்."

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் ஆலோசனை நடந்தது.

"செய்ய வேண்டியது நாலு வேலை. நாமளும் நாலு பேரு" என்றார் கொம்பையா.

"ஆளை எண்ணிப் பார்த்துத்தான் சொல்லியிருக்கா. படிச்சவ படிச்சவதான்வே!" என்றார் பூதலிங்கம்.

ஆவுடையப்பனும் யோசித்தார். "அம்மனையே ஆளுக்கொரு மூலையாத்தான் தூக்குறோம். இதை மட்டும் ஒருத்தனே முழுசாச் சுமந்தா இடுப்பு ஒடிஞ்சு போகும். பிரிச்சுக்கிடுவோம்."

பிரித்துக்கொண்டார்கள். நடை ஆவுடையப்பனுக்கு, கீரை கொம்பையாவுக்கு, தூக்கம் சுடலைமுத்துவுக்கு, நீட்டி மடக்குவது பூதலிங்கத்துக்கு.

ஆவுடையப்பன் விடிந்ததும் நாலு பேருக்கும் சேர்த்து நடப்பார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "ஏ கொம்பையா, உன் நடையை நடந்தாச்சு!" என்று கூவிவிட்டுப் போவார். வீட்டில் பொண்டாட்டி கீரை வைத்தால் தூக்குவாளியில் போட்டுக் கொம்பையா வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நாலு வீட்டுக் கீரையும் தின்று கொம்பையாவின் வயிறு கும்மென்று ஏறிவிட்டது. சுடலைமுத்து பாயைவிட்டு எழுந்திருப்பதே இல்லை. பூதலிங்கம் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கையை நீட்டி மடக்க, பக்கத்து இலைக்காரருக்கு மூக்கு வீங்கியது.

ஒருநாள் ஆவுடையப்பனுக்குக் கண் எரிந்தது. நேரே போய்ச் சுடலைமுத்துவை உலுக்கினார்.

"ராத்திரி நீ ஒழுங்கா தூங்கினியாவே? என் கண்ணைப் பாரு!"

"மதியம் பேரன் வந்து எழுப்பிட்டான் அண்ணாச்சி, மன்னிச்சுடு" என்று சுடலைமுத்து மறுபடி படுத்தார். பாவம், கடமை தவறாத மனுஷன்.

சோதனை நாள் வந்தது. தலைவர் தெப்பக்குளத்தில் போய்க் காத்திருந்தார். நாலு பேரும் பல்லக்கைத் தூக்கினார்கள். ரதவீதி திரும்புவதற்குள் சுடலைமுத்துவுக்கு மூச்சு வாங்கியது.

"உட்காருவே, டாக்டரம்மா சொல்லியிருக்கால்லா!" என்று பதறினார் ஆவுடையப்பன்.

எங்கே உட்கார? தெரு கொதித்தது. நிழலும் மெத்தையும் பல்லக்குக்குள்தான் இருந்தன. சுடலைமுத்து ஏறிக்கொண்டார். மற்ற மூவரும் தூக்கினார்கள்.

"முன்னைக்கு இப்போ கனமா இருக்கே?" என்றார் கொம்பையா.

"வயசாகுதுல்லா" என்றார் பூதலிங்கம்.

"நாலு எட்டு வைக்கிறதுக்குள்ளயா?"

"வயசு சொல்லிக்கிட்டா வரும்?"

கொம்பையாவுக்கும் மூச்சு வாங்கியது, ஏறினார். பூதலிங்கமும் ஏறினார். மிஞ்சியது ஆவுடையப்பன் மட்டும். முன்தண்டைப் பிடித்து இழுத்தார். பல்லக்கு அசையவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. 'அம்மா தாயே, இத்தனை வருஷம் சுமந்தேனே, என்னைக் கைவிட்டுடாதே' என்று மனசுக்குள் அழுதார். அவருக்கும் மூச்சு வாங்கியது. வீம்பு பண்ணாமல் ஏறி உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் திடுக்கிட்டுத் தோளைத் தடவிப் பார்த்தார்.

"ஏ, கனமே தெரியலைவே!"

"எனக்கும்தான் தெரியலை!" "எனக்கும்!" என்று எல்லாரும் கத்தினார்கள். டாக்டரம்மா இருக்கிற திசையைப் பார்த்து ஆவுடையப்பன் கும்பிட்டார்.

காத்துக் காத்துப் பார்த்த தலைவர் தேடிக்கொண்டு வந்தார். "என்ன அண்ணாச்சி இது?"

"பேச்சுக் குடுக்காதீங்க தலைவரே, தூக்கிக்கிட்டு இருக்கோம். துளிக் கனம் தெரியலை. சந்தேகம்னா நீங்களே ஏறிப் பாருங்க."

தலைவரும் கோட்டாங்குளத்துக்காரர்தானே. ஏறி, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி நிதானமாகச் சோதித்தார்.

"அட, ஆமா! நானும் ஏறி இருக்கேன், அப்பவும் கனம் இல்லியே! அண்ணாச்சி, முன்தண்டு உங்களுக்குத்தான்."

ஆவுடையப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தலைவர் திண்டில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"நான் கொஞ்சம் கண் அசர்றேன். தெப்பக்குளம் வந்ததும் எழுப்புங்க."