கொலுசுச் சத்தம்

"இந்தக் காதுக்கவசம் எனக்கு எதுக்குங்க மேடம்? வேர்த்துக் கொட்டுது."

கேட்டவர் நஞ்சப்பன். விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்குபவர். வயது நாற்பது.

கேட்கப்பட்டவர் குழுத் தலைவி ரஹ்மத்துன்னிசா. அவரைவிட ஏழு வயது இளையவர்.

"சத்தம் பெருசா இருக்கேண்ணா."

"எனக்குப் பழகிடுச்சுங்க. முன்ன மாதிரி இப்ப உறைக்கறதே இல்லை."

ரஹ்மத்துன்னிசா, நஞ்சப்பனின் கழுத்தில் தொங்கிய கவசத்தைத் தூக்கி அவர் காதுகளில் மாட்டினார். விமானம் வந்து நின்று, என்ஜின் ஓய்ந்த பிறகு கேட்டார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வீட்ல என்ன சமையல்?"

மறுநாள் சாப்பிட வந்துவிட்டார். வந்ததும் நஞ்சப்பனின் நாலு வயது மகள் தளிரோடு கண்ணாமூச்சி.

ரஹ்மத்துன்னிசா கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டார். பீரோ ஓரம் தளிரின் கொலுசு லேசாகச் சிணுங்கியது. எட்டிப் பிடித்துவிட்டார்.

"இப்ப அப்பா!"

நஞ்சப்பன் துண்டைக் கட்டிக்கொண்டார். கையை நீட்டித் துழாவினார். ஜன்னல் திரை அகப்பட்டது. நாற்காலி அகப்பட்டது.

காத்திருந்து சலித்துப்போன தளிர் ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"உங்களைச் சுத்தி மூணு தடவை ஓடினேன்ப்பா!"

நஞ்சப்பன் துண்டை அவிழ்த்தார். மனைவி சுகந்தியைப் பார்த்தார்.

"ஆறு மாசமா டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டேதானே போறீங்க" என்றாள் அவள் மெதுவாக.

அவருக்கு அதுவும் சரியாகக் கேட்கவில்லை. உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

சாப்பிடும்போது ரஹ்மத்துன்னிசா தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ரசம்" என்றார்.

திங்கட்கிழமை, பணியாளர் வண்டியிலிருந்து இறங்கும்போதே நஞ்சப்பன் கவசம் மாட்டியிருந்தார். அந்த வாரமே காது மருத்துவரிடமும் போனார். பரிசோதித்துவிட்டு மருத்துவர், "நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. காதுக்கு ஓய்வு குடுத்தா கொஞ்சம் தேறும். இருக்கறதைப் பத்திரமா வச்சுக்குங்க" என்றார்.

ஒன்றரை மாதம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தளிர் தந்திரம் செய்தாள். கொலுசைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

கண்ணைக் கட்டிக்கொண்ட நஞ்சப்பன் கூடத்தின் நடுவே அசையாமல் நின்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து, அடக்க முடியாத சிரிப்பு ஒன்று களுக்கென்று வந்தது.

நேராக நடந்தார். அவளை அப்படியே வாரித் தூக்கினார்.

தளிர் காலை உதைத்துக்கொண்டு கத்தினாள்.

"அம்மா! அப்பா கள்ளாட்டம் ஆடறாங்க! துண்டுக்குள்ள கண்ணைத் திறந்து வச்சிருக்காங்க!"